வீட்டில் கார் பெயின்ட் அடிக்க எந்தக் கொம்பிரசர் வாங்குவது?

இரத்மலானையிலும் சுற்றுப்புறங்களிலும் கராஜ்களில் வேலை செய்யும் எமது தோட்டத்துப் பிள்ளைகளும், ஊரிலிருந்து அவர்களைப் பார்க்க வந்திருந்த பெற்றோரும் ஒரு போயா விடுமுறை நாளில் இரத்மலானையில் கூடியிருந்தபோது, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை இது. கேட்டவர்கள் எழுத்திலும் வேண்டும் என்றதால் இங்கே வெளியிடுகிறோம்.



வெள்ளவத்தையிலிருந்து நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள் இருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். லீவு கிடைத்த ஒரு நாளைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பெயின்டர் அல்ல. உங்களில் நாலு வருஷம் கன் பிடித்த பிள்ளைக்குத் தெரிந்த கைவேலை எனக்குத் தெரியாது. ஆனால் கடன் படிவத்தில் கையெழுத்து வாங்க வருகிற குடும்பங்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன. கடந்த சில வருஷமாக ஒரே கதை வருகிறது. "அய்யா, தம்பி கொழும்புல பெயின்ட் வேல பழகிட்டான். ஊருக்கு வந்து சொந்தமா செய்யப் போறானாம். ஒரு கொம்பிரசர் வாங்கணும்." கேட்க நல்ல கதைதான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷமும் பழைய வேனையும் ஓட்டோவையும் மொரிஸ் மைனரையும் துடைத்துப் பூசி ஓட்டத்தானே வேண்டியிருந்தது? மலைநாட்டு ரோட்டுகளில் அந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வேலை இருக்கிறது. வேலை இருக்கும் இடத்துக்குப் பொருத்தமான மெஷினை வாங்கினோமா என்பதுதான் கேள்வி. அதற்காகவே இங்கே இரத்மலானையில் சில கராஜ்களுக்குப் போய் நின்று, மெஷின்களில் இருக்கிற தகடுகளை வாசித்து, பெரிய பாஸ்மாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். அம்மா ஐம்பது வயதில் பெயரை நிறுத்திக்கொண்டு சேமலாப நிதிக் காசை எடுத்தார். முப்பது வருஷம் கொழுந்து பறித்த காசு. அதில் ஒரு பகுதியைக் கொடுத்து மகன் புது மெஷின் வாங்கினான். பளபளவென்று சிவப்பு நிறம், சின்னச் சில்லு, 24 லீற்றர் தாங்கி, பக்கத்தில் பெரிய ஸ்டிக்கர்: இரண்டரைக் குதிரைவலு. ஊருக்கு வந்து முதல் வேலை ஒரு வேன். முதல் கதவு பாதி போகும்போதே காற்று இறங்கிவிட்டது. கன் துப்ப ஆரம்பித்தது. நிறுத்தி, காற்று ஏறும்வரை காத்திருந்து மறுபடி அடித்தால், விட்ட இடத்தில் கோடு விழுந்திருக்கிறது. "என்னா அய்யா, அங்க கராஜ்ல நான் முழு வேனையும் ஒரே மூச்சுல அடிச்சேனே" என்று என்னிடம் வந்து கேட்டான். பொய் சொல்லவில்லை. அடித்தவன்தான்.

அவன் பார்க்காதது ஒன்று இருக்கிறது. நீங்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அதைப் பாருங்கள். நீங்கள் கையில் பிடிப்பது கன்னை. கன்னிலிருந்து ஹோஸ் போகிறது, ஹோஸ் சுவரில் இருக்கிற பைப்பில் மாட்டியிருக்கிறது. அந்தப் பைப் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்தில் ஐந்து குதிரைவலு, ஏழரைக் குதிரைவலு என்று இரட்டைத் தலை மெஷின் மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆள் உயரத் தாங்கி. கன் பழகினீர்கள், ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது என்று யாரும் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கை வித்தை உங்களோடு வரும். சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின் வராது.

இதை நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லட்டுமா? பீலிக்கரையை நினைத்துக்கொள்ளுங்க. பீலியிலே விழுகிற தண்ணீர்தான் கொம்பிரசரின் தலை தருகிற காற்று. கீழே கட்டியிருக்கிற சிமெந்துத் தொட்டிதான் தாங்கி. குடத்தில் மொண்டு எடுக்கிறவர்கள்தான் கன். பீலி நூல் மாதிரி ஒழுகினால், தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காலையில் நாலு பேர் மொண்டதும் அடி தெரியும். பிறகு நிரம்பும்வரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். குதிரைவலு என்பது பீலிக்கு மேலே இருக்கிற மலை எவ்வளவு பெரிதென்று சொல்வது மாதிரி. பெரிய மலையாக இருக்கலாம், தண்ணீர் வருகிறதா என்பதல்லவா பேச்சு?

ஆகவே கடையில் முதல் கேள்வி "எத்தனை குதிரை?" அல்ல. "நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வெளியே தருது?" என்று கேளுங்கள். அதை லீற்றரில் சொல்வார்கள், அல்லது கன அடியில் சொல்வார்கள். சீ.எஃப்.எம் என்று போட்டிருப்பது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்பதுதான். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றர். இதிலேயும் ஒரு வித்தை இருக்கிறது. சிலர் தலை உள்ளே இழுக்கிற கணக்கை எழுதியிருப்பார்கள். சின்ன மெஷின்களில் உள்ளே இழுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் வெளியே வரும். மீதி வால்விலும் சூட்டிலும் போய்விடும். 200 லீற்றர் என்று போட்டிருந்தால் 130 அளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைவலு ஸ்டிக்கரையும் சோதிக்கலாம். மோட்டாரின் தகட்டில் எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதை 230 ஆல் பெருக்கினால் உள்ளே போகிற வாற் ஏறக்குறைய வரும். அந்தத் தம்பியின் மெஷினில் 6.5 அம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 1,500 வாற் அளவு. ஒரு குதிரைவலு 746 வாற். இரண்டரைக் குதிரைக்கு 1,865 வாற் வேலையாக வெளியே வரவேண்டும். உள்ளே போவதே 1,500 என்றால் வெளியே 1,865 எப்படி வரும்? ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்குக் காசா பணமா, ஒட்டிவிட்டுப் போகிறார். உண்மையில் அது ஒன்றரைக் குதிரைகூட இல்லை.

இனி கன் எவ்வளவு கேட்கும்? கொம்பிரசரைப் பார்க்கிறதுக்கு முன்னால் கன்னை முடிவு செய்ய வேண்டும். தொட்டிலைப் பார்த்துவிட்டா பிள்ளையை அளப்பார்கள்? மேலே கிண்ணம் வைத்த, 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர் முனை உள்ள வழக்கமான கன் நிமிடத்துக்கு ஏழு முதல் பத்துக் கன அடி கேட்கும். எச்.வி.எல்.பி என்று ஒரு வகை வந்திருக்கிறது. அழுத்தம் குறைவு, காற்று அதிகம். பழைய கன்னில் பாதிக்கு மேல் பெயின்ட் காற்றோடு பறந்துபோகும், இதில் அது குறைவு. பெயின்ட் மிச்சம்தான். ஆனால் பெரிய அளவு கன் என்றால் பத்து முதல் பதினைந்து கன அடிவரை குடிக்கும். வீட்டு மெஷினோடு இதை மாட்டினால் பெயின்டில் மிச்சம் பிடித்ததை மெஷினில் தொலைப்பீர்கள். எல்.வி.எல்.பி என்ற வகைக்கு நாலு முதல் ஆறு கன அடி போதும். வேகம் குறைவு, விசிறி மாதிரி விரியும் அகலமும் குறைவு. பொறுமையுள்ள கைக்கு அது நல்ல கன். ஒரு பம்பர், ஒரு மட்கார்ட் என்று தொட்டுவிடுகிற சின்னக் கன்னுக்கு மூன்று முதல் ஐந்து கன அடி.

காற்றில் ஓடும் தேய்ப்பு மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கன்னைவிட அதிகம் குடிக்கும், நிறுத்தாமல் குடிக்கும். வீட்டு வேலைக்கு அதை மறந்துவிடுங்கள். வோட்டர் பேப்பரும் கட்டையும் தண்ணீர் வாளியும் இருக்கவே இருக்கின்றன. மின்சாரத்தில் ஓடும் தேய்ப்பு மெஷினும் இருக்கிறது.

அந்த வேன் ஏன் பாதியில் நின்றது என்று கணக்குப் பார்ப்போம். கன் நிமிடத்துக்கு 225 லீற்றர் கேட்கிறது. மெஷின் தருவது 125. ஒவ்வொரு நிமிடமும் 100 லீற்றர் பற்றாக்குறை. அதைத் தாங்கி கொடுக்க வேண்டும். தாங்கியில் 8 பார் இருக்கிறது, 4 பாருக்குக் கீழே போனால் கன் துப்பும் என்று வைப்போம். இடையில் இருப்பது 4 பார். 24 லீற்றர் தாங்கி என்றால் 24 தர 4, அதாவது 96 லீற்றர். ஒரு நிமிடத்துக்குச் சரியாகப் போதாது. 50 லீற்றர் தாங்கி என்றால் இரண்டு நிமிடம். 200 லீற்றர் தாங்கியை மாட்டினால் எட்டு நிமிடம் வரும். ஆனால் அதை மறுபடி நிரப்ப ஆறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், சின்ன மோட்டார் மூச்சு வாங்கிக் கொதிக்கும். சின்ன மெஷின்கள் பாதி நேரம் ஓடிப் பாதி நேரம் ஆறுவதற்காகச் செய்தவை. தொட்டியைப் பெரிதாக்கிப் பீலியின் குறையை மறைக்கலாம், தீர்க்க முடியாது.

மெஷின் 250 லீற்றர் தந்தால்? கன் கேட்பதைவிடக் கூடுதல். பொனட் அடித்து, கூரை அடித்து, ஒரு பக்கம் முழுவதும் அடிக்கலாம். பெல்ட்டில் ஓடும், எண்ணெய் போட்ட, உண்மையான மூன்று குதிரைவலு மெஷின் இந்த அளவுக்கு வரும்.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்க. கடைக்காரர் சொல்வதையும் ஸ்டிக்கர் சொல்வதையும் நம்பத் தேவையில்லை. உங்கள் போனில் இருக்கிற நிமிடக் கணக்குப் போதும். தாங்கியை முழுவதும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். வெளியே போகிற வால்வை மூடுங்கள். மெஷினை ஓடவிடுங்கள். முள் 4 பாருக்கு வரும்போது நேரத்தைத் தொடங்குங்கள், 7 பாருக்கு வரும்போது நிறுத்துங்கள். மூன்று பார் ஏறியிருக்கிறது. தாங்கி 100 லீற்றர் என்றால் 100 தர 3, அதாவது 300 லீற்றர் காற்று உள்ளே போயிருக்கிறது. அதற்கு ஒரு நிமிடமும் 12 விநாடியும் எடுத்தால் நிமிடத்துக்கு 250 லீற்றர், ஒன்பது கன அடிக்குக் கிட்ட. இரண்டு நிமிடமும் 24 விநாடியும் எடுத்தால் அதில் பாதிதான். 50 லீற்றர் தாங்கி என்றால் 36 விநாடிக்கு 250 லீற்றர், 72 விநாடிக்கு 125. தாங்கியின் அளவு தகட்டில் இருக்கும். முள்ளில் பீ.எஸ்.ஐ மட்டும் இருந்தால் 58 இலிருந்து 101 வரை பாருங்கள், ஒரு பார் பதினாலரை பீ.எஸ்.ஐ. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம். பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் வேறு கடையா இல்லை?

இதெல்லாம் கொழும்புக் கணக்கு. இரத்மலானை கடல் மட்டத்தில் இருக்கிறது. நம்ம ஊர் எங்கே இருக்கிறது? நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெல்லியது. அதே மெஷின், அதே மோட்டார், அதே பெல்ட், ஆனால் தருகிற காற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஹட்டன் பக்கம் ஏழில் ஒரு பங்கு குறையும். இங்கே கடையில் 250 லீற்றர் காட்டினது நுவரெலியாவில் 200 அளவு வேலைதான் செய்யும். இங்கே "மட்டுமட்டாகப் போதும்" என்று வாங்கினால் அங்கே போதாது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் மூடுபனி. காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும்போது அதில் இருக்கிற ஈரம் எங்கே போகும்? தண்ணீராக வெளியே வரும். ஈரமான நாளில் அந்த மூன்று குதிரைவலு மெஷின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால், ஒரு தேநீர்க் கோப்பை நிறையத் தண்ணீர் சேரும். தாங்கிக்கு அடியில் இருக்கிற சின்ன வால்வைத் திறந்து பார்த்தால் துருத் தண்ணீர் ஊற்றும். அந்தத் தண்ணீர் கன் வழியாக வந்தால் பெயின்டில் கண் கண்ணாகக் குழி விழும், சில மாதத்தில் கொப்புளம் எழும். வண்டிக்காரர் திரும்பி வந்து நிற்பார். தண்ணீர் பிடிக்கிற வடிகட்டியை எல்லாரும் மெஷினின் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கிறது, தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும், வடிகட்டி பிடிக்காது. ஏழெட்டு மீற்றர் இரும்புக் குழாயில் ஓடி ஆறின பிறகு, கன் பக்கத்தில் மாட்டுங்கள். குழாயை மெஷின் பக்கமாகக் கொஞ்சம் சரித்துப் போடுங்கள், தண்ணீர் திரும்பி வடியும். மலிவு என்று பீ.வி.சி குழாய் போடவே வேண்டாம். தண்ணீருக்கு அது சரி. காற்றழுத்தத்தில் வெடித்தால் கண்ணாடித் துண்டு மாதிரிப் பறக்கும்.

பனி இறங்கின பிறகு தின்னர் கலந்த பெயின்ட் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மெஷினில் பிழையில்லை. தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, பனி அதில் படிகிறது. இரத்மலானையில் இராத்திரி எட்டு மணிக்கும் அடிக்கிறீர்கள். ஊரில் வெயில் ஏறின பிறகு தொடங்கி, பனி இறங்குவதற்கு முன் முடிக்கிற வேலையை மட்டும் எடுங்கள். அப்படியென்றால் நாளைக்கு நாலைந்து மணி நேரம்தான் உங்கள் கையில். நடுவில் மெஷின் ஆறட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது. போதிய காற்று வேண்டும் என்று நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரண்டுக்கு வருவோம். லயத்தில் ஒரு காம்பராவுக்கு இழுத்த வயர் விளக்குக்கும் டீவிக்கும் இழுத்தது. மூன்று குதிரைவலு மோட்டார் ஓடும்போது 13, 14 அம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. 13 அம்பியர் பிளக்குக்கு அது தாங்காது. அதற்கென்று மெயின் சுவிச்சிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், குறைந்தது 2.5 சதுர மில்லிமீற்றர். வயர்மேன்மார் அதை ஏழு, பொயின்ட் அறுபத்தேழு என்பார்கள். தூரம் கூடினால் அதைவிடத் தடிப்பானது. தனி பிரேக்கர், எர்த், ட்ரிப் சுவிச் எல்லாம் வேண்டும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். இரண்டு குதிரைவலு மெஷின் ஒன்பது அம்பியர் அளவில் நிற்கும், நல்ல 13 அம்பியர் பிளக்கில் ஓடும். வயர் சுருளை நீட்டி நீட்டி மெஷினை வெளியே கொண்டுபோகாதீர்கள். வயர் நீண்டால் வோல்ற்றேஜ் இறங்கும், மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமி உறுமிச் சுருள் கருகும். வயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள். அதுவும் உள்விட்டம் எட்டில் மூன்று அங்குலம் உள்ள ஹோஸ். காலங்குல ஹோஸில் அழுத்தம் வழியிலேயே செத்துவிடும்.

பழைய மெஷின் வாங்கலாமா என்று முன்வரிசைத் தம்பி வரும்போதே கேட்டார். வாங்கலாம். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு புது மெஷினின் விலையைக் கேட்டால் தலை சுற்றத்தான் செய்கிறது. ஆனால் கொழும்பில் மலிவாகக் கிடைக்கிற பெரிய மெஷின்களில் பல மூன்று கட்ட மோட்டார். தகட்டில் 400 வோல்ற் என்று இருந்தால் லயத்தில் அது ஓடாது, மோட்டாரை மாற்ற வேண்டும். ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வருகிறவை 100 வோல்ற். அதை நேராக நம் பிளக்கில் செருகினால் ஒரு நிமிடத்தில் புகை.

தாங்கியை முக்கியமாகப் பாருங்கள். துரு உள்ளே இருந்து, அடியிலிருந்து தின்னும். வெளியே புதுப் பெயின்ட் பளபளவென்று இருக்கும், அதை அடித்தவர் நம்ம தொழில்காரர்தானே. அடி வால்வைத் திறந்து வருகிற தண்ணீரில் துருச் செதில் இருக்கிறதா பாருங்கள். அடியில் ஒட்டு வெல்டிங் இருந்தால் தொடவே வேண்டாம். பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வரவேண்டும், விட்டதும் மூட வேண்டும். அது இறுகிப்போன மெஷின் லயத்து வாசலில் வைத்த குண்டு. பழைய ஃபிரிட்ஜ் மோட்டாரைக் காஸ் சிலிண்டரில் பொருத்திச் சிலர் செய்கிறார்கள். அது தருவது நிமிடத்துக்கு ஒரு கன அடிகூட வராது. மோட்டார் சைக்கிள் டாங்கில் பூ வரைய உதவும், கார் அடிக்க உதவாது. காஸ் சிலிண்டரை அதற்கு வெட்டி ஒட்டுவது உயிரோடு விளையாட்டு.

இனி அம்மாமார் கேட்க வேண்டியது. நம்ம லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பம். இஸ்தோப்பில் நின்று பெயின்ட் அடித்தால் புகை பக்கத்துக் காம்பராவில் தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். இப்போது வருகிற இரண்டு பாகப் பெயின்டில் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேற் என்ற பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். தூசிக்குக் கட்டுகிற துணி முகமூடி அதற்குத் தடுப்பே அல்ல. கரி வடிகட்டி உள்ள முகமூடிகூடக் கொஞ்ச நேரத்துக்குத்தான். பெரிய கராஜ்களில் சுத்தமான காற்றைத் தனியாகக் குழாயில் கொண்டுவந்து முகமூடிக்குக் கொடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாத வீட்டில் ஹார்டனர் பெயின்ட் வேண்டாம் என்பது என் முடிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பழைய லக்கர் வகையில் பளபளப்பு கொஞ்சம் குறைவுதான், கையால் பொலிஷ் போட்டு எடுக்கலாம். லக்கருக்கும் கரி வடிகட்டி முகமூடி வேண்டும். அதன் தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தரையாக ஊர்ந்துபோய் விறகடுப்பைத் தேடிப் பிடிக்கும். அதனால் எந்தப் பெயின்டானாலும் லயத்தை விட்டு விலகி, நாலு பக்கமும் திறந்த கொட்டகையில். கொம்பிரசரைக் காற்று வருகிற பக்கத்தில் தள்ளி வையுங்கள். அதன் சுவிச்சிலும் பொறி பறக்கும்.

ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வருகிறது. பெயின்ட் தெளிக்கிற இந்தக் கன்னின் தாத்தா ஒரு மருந்துக் குழல். அமெரிக்காவில் டெவில்பிஸ் என்ற டாக்டர் 1888 இல் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன்தான் 1907 இல் அதே வித்தையைப் பெயின்டுக்குக் கொண்டுவந்தார். மூச்சுக்கு மருந்தாகப் பிறந்தது நம்ம மூச்சைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்று நேராகக் கேட்டால், என் கணக்கு இது. வேன், கார் முழுதாக அடிக்கிற எண்ணமும் தனி வயர் இழுக்க வசதியும் இருந்தால், பெல்ட்டில் ஓடுகிற மூன்று குதிரைவலு, 100 லீற்றர் தாங்கி, மணிக்கூட்டுச் சோதனையில் 250 லீற்றருக்குக் கீழே வராதது. மேல் மலையில் இருக்கிறவர்கள் 280, 300 கிடைத்தால் அதை எடுங்கள். தனி வயர் முடியாது என்றால் இரண்டு குதிரைவலு, 50 லீற்றர், கூடவே எல்.வி.எல்.பி கன். அதைக் கொண்டு ஓட்டோ அடிக்கலாம், காரில் ஒரு கதவு, ஒரு மட்கார்ட் என்று துண்டு துண்டாகச் செய்யலாம். முழு வேனை ஏற்றுக்கொள்ளக் கூடாது. வண்டியின் நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

பின்னால் இருக்கிற அம்மா ஒருவர் கை தூக்குகிறார். "இப்பவே வாங்காட்டி என்னாங்க அய்யா?" ஒன்றும் ஆகாது அம்மா. பெயின்ட் வேலையில் கன் பிடிப்பது கடைசி ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் தகரம் தட்டுவது, பட்டி வைப்பது, தேய்ப்பது, கழுவுவது, மறைத்து ஒட்டுவது என்று நாள் கணக்கில் இருக்கிறதே, அதற்குக் கொம்பிரசர் வேண்டாம். முதல் வருஷம் தம்பி அந்த வேலைகளை ஊரில் செய்யட்டும். அடிக்கிற நாளுக்கு மட்டும் டவுனில் மெஷின் உள்ள கராஜில் இடம் வாடகைக்குப் பேசலாம். மாதத்துக்கு எத்தனை வண்டி வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடன் கேட்டு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தால் எனக்கும் சிபாரிசு எழுதச் சுலபம். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவதும் நடக்கக்கூடியதுதான். யார் எண்ணெய் மாற்றுவது, யார் தண்ணீர் வடிப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

அந்த 24 லீற்றர் தம்பியை மறக்கவில்லை. சின்னக் கன் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, இப்போது ஓட்டோ பம்பரும் மோட்டார் சைக்கிள் டாங்கும் அடிக்கிறான். அந்த மெஷினுக்கு அது ஏற்ற வேலை. அம்மாவின் காசு மெதுவாகத் திரும்புகிறது.

வருகிற சனிக்கிழமை பஞ்சிகாவத்தைப் பக்கம் இரண்டு தம்பிமாருக்கு மெஷின் பார்க்கப் போகிறேன். போயா நாளில் கடை பூட்டு, ஆகவே சனிக்கிழமை. கூட வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு மருதானை ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், நேரம் பார்க்க வேண்டும். கன் வைத்திருக்கிறவர்கள் அதன் முனை எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.